காற்று இல்லாத காலேஜ்

பஸ்ஸில் தூங்குகிறவர்களை எழுப்பி எழுப்பியே இருபத்திரண்டு வருஷ சர்வீஸை ஓட்டியவன் நான். குழித்துறை டெப்போவில் கண்டக்டர் ஜான்ரோஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்டவன் லீவு போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு பயணியாக உட்கார்ந்து, காலேஜ் காலேஜாக அலைந்தது 2013 மே மாதத்தில். அக்காள் மகள் லிஜா பிளஸ் டூவில் ஆயிரத்துத் தொண்ணூறு மார்க் எடுத்திருந்தாள். மார்க் எடுத்தது அவள், கால் வீங்கியது எனக்கு.

இதெல்லாம் அப்பன் செய்ய வேண்டிய வேலை. ஆனால் தூத்தூர் பக்கம் எங்கள் கடற்கரையில் அப்பன்மார் கரையில் இருப்பதில்லை. அத்தான் சூசை கொச்சியில், போட்டு என்று நாங்கள் சொல்கிற தூண்டில் படகில் ஏறினால் நாற்பது நாள் கடல், ஐந்து நாள் வீடு. ஜூன் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்போதுதான் இனி வருவார். அதுவரை எந்தக் காலேஜும் சீட்டைப் பொத்தி வைத்துக்கொண்டு காத்திருக்காது.

"நீதானலே தாய்மாமன். பிள்ளையக் கூட்டிட்டுப் போயி நாலு எடம் காட்டு," என்றாள் அக்காள் வேளாங்கண்ணி.

தாய்மாமன் என்பது எங்கள் ஊரில் சம்பளமில்லாத உத்தியோகம். பென்ஷனும் கிடையாது. போனேன்.

ஃபீஸைப் பற்றி இங்கே நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது அத்தானும் கடலும் பேசி முடிக்கிற விஷயம். என் வேலை இடத்தைப் பார்ப்பது. அக்காள் எனக்கு ஒரே ஒரு கட்டளைதான் இட்டிருந்தாள். காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற மாதிரி இருக்க வேண்டும்.

முதல் காலேஜ் தக்கலையைத் தாண்டி, ரப்பர் மரங்களை வெட்டிக் கட்டியது. கேட்டுக்குள் நுழைந்ததும் முன்னால் இருந்த நீரூற்று பீறிட்டு அடித்தது. கழுத்துப்பட்டை கட்டிய ஒரு தம்பி ஓடி வந்து ஜூஸ் கொடுத்தான். லேபைக் காட்டினான், லைப்ரரியைக் காட்டினான், ஏசி போட்ட காலேஜ் பஸ்ஸையும் காட்டினான். எனக்கு பஸ் பிடித்துப்போயிற்று. டயரெல்லாம் புதுசு. "உங்க ஊரு சர்ச் வாசலுக்கே வண்டி வரும் சார்," என்றான். இதைவிட என்ன வேண்டும்?

லிஜா கேட்டாள், "ஹாஸ்டல் உண்டா?"

"ஏட்டி, வீட்டு வாசலுக்கு வண்டி வருதுன்னு சொல்லுகான். ஹாஸ்டல் எதுக்கு உனக்கு?"

அவள் மூன்றாவது மாடிக்கு ஏறினாள். வகுப்பறை ஜன்னலைத் திறந்து வலது கையை வெளியே நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையை உள்ளே எடுத்து, கையில் வைத்திருந்த சின்ன நோட்டில் ஏதோ எழுதினாள். எல்லாப் பிள்ளைகளும் லேபில் எத்தனை கம்ப்யூட்டர் என்று எண்ணும்போது இவள் ஜன்னலை எண்ணுகிறாளே என்று எனக்கு எரிச்சல். நாங்கள் கேட்டைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். நீரூற்றை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாவது காலேஜ் சுசீந்திரம் பக்கம், வயல்களுக்கு நடுவில். அங்கே ஆண்பிள்ளைகளுக்கு ஒரு படி, பெண்பிள்ளைகளுக்கு வேறு படி. லிஜாவோடு பெண்கள் படியில் ஏறப்போன என்னை வாட்ச்மேன் பிடித்து நிறுத்தி, "நீங்க அந்தப் பக்கம்," என்றார். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இந்தக் கதி. மேலே போய்ப் பார்த்தால் லிஜா மறுபடியும் ஜன்னலருகே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். வயல் காற்று துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"எப்பிடி இருக்கு மக்கா?"

"வேண்டாம் மாமா."

"என்ன கொறை?"

"ஒண்ணும் இல்ல. வேண்டாம்."

மூன்றாவது ஆரல்வாய்மொழியில். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே காற்று என் தலையில் இருந்த நாலு முடியையும் கலைத்தது. காலேஜைச் சுற்றிப் பார்க்கிற திசையெல்லாம் காற்றாலை. வரவேற்பறையில் ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. லிஜா நாற்காலியில்கூட உட்காரவில்லை. "போவோம் மாமா," என்றாள். நான் அப்போதுதான் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி வாயில் வைத்திருந்தேன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்கிற மாதிரி மூன்று நாளாக அலைகிறேன். "உனக்கு என்னத்தத்தான் வேணும்? அதச் சொல்லிப்போடு, நான் நேர அங்க கூட்டிட்டுப் போறேன்," என்று பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சத்தம் போட்டேன். அவள் கண் சிவந்திருந்தது. அழுகிறாளோ என்று பார்த்தேன், இல்லை. எப்போதுமே அவள் கண் அப்படித்தான் இருக்கும், படிக்கிற பிள்ளை அல்லவா என்று நினைத்துக்கொண்டேன்.

"மதுரைக்கு அங்க ஒரு காலேஜ் இருக்கு மாமா. ஒரே ஒருக்கா அதப் பாத்துட்டு வந்துருவோம்," என்றாள்.

"உன் அம்ம என்னைக் கொல்லுவா."

"பாக்க மட்டும்தானே."

மறுநாள் விடிவதற்கு முன் கிளம்பினோம். நாகர்கோவிலில் மாறி, மதுரையில் மாறி, வடக்கே இன்னும் ஒரு மணி நேரம். கருவேலங்காட்டைத் திருத்திக் கட்டிய பழைய காலேஜ். நீரூற்றும் இல்லை, ஜூஸும் இல்லை. வெயில் என்றால் அப்படியொரு வெயில். கொடிக்கம்பத்தில் கொடி ஈரத்துணியாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. எனக்கு முதுகில் வியர்வை ஆறாக ஓடுகிறது. இந்த ஊரில் மனுஷன் எப்படிக் குடியிருக்கிறான் என்று சலித்துக்கொண்டே மாடியேறினேன்.

லிஜா பெண்கள் ஹாஸ்டலில் ஒரு ஜன்னலைத் திறந்து கையை நீட்டினாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நாலு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

"மாமா, ஒரு எலகூட அனங்கல பாத்தியளா?"

"ஆமா, நரகத்துலயும் அனங்காதாம்," என்றேன்.

பிரின்ஸிபால் சாப்பிடப் போயிருக்கிறார், இரண்டு மணிக்கு வருவார் என்றார்கள். வராந்தாவில் ஒரு மரபெஞ்சு கிடந்தது. நான் போய்ச் சாயா கிடைக்குமா என்று தேடிவிட்டு வந்தபோது லிஜா பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தூக்கத்தைப் பற்றி என்னிடம் யாரும் பாடம் சொல்ல வேண்டாம். பஸ்ஸில் தூங்குகிறவன் எவனும் முழுசாகத் தூங்குவதில்லை. ஒரு காது அவன் இறங்க வேண்டிய ஸ்டாப்பிலேயே இருக்கும். இவள் தூங்கியது அப்படி அல்ல. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை பெஞ்சுக்குக் கீழே தொங்கியது. பக்கத்து அறையில் யாரோ இரும்பு அலமாரியைத் தரதரவென்று இழுத்தார்கள், அசையவில்லை. இரண்டரை மணிக்கு பியூன் வந்து, "அடுத்தது நீங்கதான்," என்றார். எழுப்பக் கையைக் கொண்டுபோனேன். ஆயிரக்கணக்கான பேரைத் தோளில் தட்டிய கை, அன்றைக்கு அவள் தோள்வரை போய் நின்றுவிட்டது. "எங்களுக்குப் பின்னால இருக்கிறவங்கள அனுப்புங்க சார்," என்றேன். அவள் ஃபைலை வைத்து எனக்கு விசிறிக்கொண்டு, ஐந்து பேருக்கு வழிவிட்டேன்.

பிரின்ஸிபால் மார்க்கைப் பார்த்துவிட்டு, சீட் உண்டு, திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிட வேண்டும், அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்றார்.

ஊர் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் அக்காள் கொதித்துவிட்டாள். "பக்கத்துல இத்தனை காலேஜ் கெடக்கும்ப இவளுக்கு மதுரை என்னத்துக்கு? வீட்டுல நானும் இவளும்தானே உண்டு. அங்கேர்ந்து நீயாலே தெனம் கூட்டிட்டு வருவே?"

லிஜா சுவரில் சாய்ந்து நின்றாள். கடைசியில் அக்காள் எப்போதும் சொல்வதையே சொன்னாள். "அப்பா சொல்லட்டு. அப்பா சொன்னா நான் ஒண்ணும் பறையமாட்டேன்."

நடுக்கடலில் இருக்கிற அப்பா எப்படிச் சொல்வார் என்றால், அதற்குத்தான் கிளீட்டஸ் அண்ணன் இருக்கிறார். கால் ஒடிந்து கடலுக்குப் போவதை நிறுத்தியவர். கோயிலுக்குப் பக்கத்து அறையில் வயர்லெஸ் பெட்டியை வைத்துக்கொண்டு சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறுவரை உட்காருவார். எங்கள் ஊரில் பிறப்பும் சாவும் கல்யாண நிச்சயமும் அந்த அறை வழியாகத்தான் கடலுக்குப் போகும். பெண்கள் வாசலில் நின்று விஷயத்தைச் சொல்வார்கள், மைக்கில் பேசுவது கிளீட்டஸ் அண்ணன் மட்டும். கரையில் இருந்து பேசினால் அத்தானின் போட்டுவரை எட்டாது. நடுவில் கிடக்கிற சிலுவைமுத்துவின் போட்டு அதைக் கேட்டு, திரும்பச் சொல்லி அந்தப் பக்கம் அனுப்பும். பதிலும் அப்படியே வரும். அந்தச் சேனலில் இருக்கிற எல்லா போட்டும் எல்லாவற்றையும் கேட்கும். ரகசியம் என்ற வார்த்தைக்கு அங்கே இடமில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் போனேன். கிளீட்டஸ் அண்ணன் மைக்கை அழுத்தி, "சூசைக்க மவளுக்குக் காலேஜ் பாத்தாச்சு. பக்கத்துல மூணு, மதுரையில ஒண்ணு. எதுல சேக்கணும்? ஓவர்," என்றார்.

அத்தான் பதில் வருவதற்கு முன்னால் கடல் முழுக்கப் பதில் சொல்லியது. ஒருத்தன் கம்ப்யூட்டர் எடு என்றான். இன்னொருத்தன் கம்ப்யூட்டர் படிச்ச என் மச்சினன் மெடிக்கல் ஷாப்பில் நிக்கான், நர்சிங் போடு, கல்ஃபுக்குப் போகலாம் என்றான். மூன்றாமவன், "பிள்ள எத்தர மார்க்கு?" என்று கேட்டு, சொன்னதும் விசில் அடித்தான். அரபிக்கடலே ஒரு பள்ளிக்கூடக் கமிட்டியாகிவிட்டது. எல்லாம் ஓய்ந்த பிறகு சிலுவைமுத்துவின் கரகரப்பான குரல் வந்தது. "பக்கத்துல எங்கயாவது போட்டாப் போதும்னு சூசை சொல்லுகாரு. ஓவர்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அப்பாடா என்று இருந்தது. மதுரை என்றால் மாதம் ஒருமுறை அரிசிமுறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு போகப்போவது யார்? அந்த நிம்மதியோடு வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். லிஜா கையிலிருந்த சின்ன நோட்டை மூடி வைத்தாள். அவ்வளவுதான். அழுதிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

மறுநாள் சாயங்காலம் கிளீட்டஸ் அண்ணன் எனக்கு ஆளனுப்பினார். ஓடிப்போய்ப் பார்த்தால் லிஜா அறைக்குள் பெட்டிக்கு முன்னால் நிற்கிறாள். வாசலில் அக்காள். கிளீட்டஸ் அண்ணன் திகைத்துப்போய், "நான் சொல்லித் தாறேன் மக்களே, நீ விசயத்த மட்டும் சொல்லு," என்று கெஞ்சுகிறார். அவள் மைக்கை விடவில்லை.

"அப்பா, நான் லிஜா. எனக்கு மதுரை காலேஜ்தான் வேணும். ஓவர்."

பெட்டி சீறியது. சிலுவைமுத்து அதை அப்படியே அந்தப் பக்கம் சொல்வது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "எதுக்கு அவ்வளவு தூரம்னு கேக்காரு பிள்ளே. ஓவர்."

"அங்க காத்து இல்ல."

"காத்து இல்லயா? அதுக்கு?"

லிஜா ஒரு தடவை அக்காளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தாள்.

"காத்தடிச்சா அம்மா என்னை எழுப்புவா. மூணு வயசுலேர்ந்து எழுப்புகா. செபமால சொல்லி முடிச்சப்பொறம் எனக்கு ஒறக்கம் வராது. காத்து எறங்குதான்னு கேட்டுட்டே கெடப்பேன். வீட்டுல இருந்தா நாளைக்கும் எழுப்புவா. நான் படிச்சதெல்லாம் ஒறங்காமப் படிச்சது. எனக்கு ஒறங்கணும் அப்பா. ஓவர்."

இது எங்கள் கரையில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ராத்திரி காற்று மாறினால் ஒவ்வொரு வீடாக விளக்கு எரியும். பச்சைப்பிள்ளைகளின் செபம் முதலில் எட்டும் என்று சொல்லி, சின்னதுகளையும் எழுப்பி முட்டுப்போட வைப்பார்கள். நானும் அப்படி எழுந்தவன்தான். ஆனால் என் அப்பன் எனக்குப் பத்து வயதாகும்போதே கடலை விட்டுவிட்டார். நான் அதை மறந்துபோனேன். அந்த அறையில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. காலேஜ் ஜன்னல்களில் இந்தப் பிள்ளை கையை நீட்டிப் பார்த்ததும், அந்த நோட்டில் எழுதியதும் காற்றைத்தான் என்று. நான் அவளை பஸ் ஸ்டாண்டில் வைத்துத் திட்டியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

நேற்று கம்ப்யூட்டர் என்றும் நர்சிங் என்றும் அளந்தவர்கள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சிலுவைமுத்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவரும் சொல்லவில்லை. அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். "கேட்டுதா? ஓவர்," என்று கிளீட்டஸ் அண்ணன் கேட்டார்.

"கேட்டுது," என்றார் சிலுவைமுத்து. பிறகு அவள் சொன்னதை ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சொல்லத் தொடங்கினார். அம்மா என்னை எழுப்புவா. எனக்கு ஒறங்கணும் அப்பா. அறுபது வயது கரகரத்த குரல் அதைச் சொல்லிக் கேட்டபோது அக்காள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

பதில் வர நேரமாயிற்று.

"சூசை சொல்லுகாரு," என்று ஆரம்பித்து சிலுவைமுத்து நிறுத்தினார். "பிள்ள மதுரைக்குப் போட்டும்னு சொல்லுகாரு. பின்ன இன்னொண்ணும் சொல்லச் சொன்னாரு. வேளாங்கண்ணி அங்க நிக்காளா?"

"நிக்கா," என்றார் கிளீட்டஸ் அண்ணன்.

"காத்தடிச்சா நாங்க தூண்டில் எறக்கமாட்டோம். வேல கெடையாது. ஒருத்தன காவலுக்கு வச்சிட்டு பாக்கி எல்லாரும் கெடந்து ஒறங்குவோம். பேய்க்காத்து அடிச்சா வேற கத. ஆனா சாதாரண காத்துன்னா, அன்னைக்குத்தான் எங்களுக்கு ஒறக்கம். நீங்க அங்க முழிச்சிருக்கது அவருக்குத் தெரியாதுன்னு சொல்லுகாரு. ஓவர்."

கிளீட்டஸ் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். முப்பது வருஷம் கடலில் கிடந்த அவருக்கு இது தெரியும். அவர் வீட்டிலும் மனைவி விளக்கேற்றி முழித்திருந்தவள்தான். இரண்டு பக்கமும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. நாற்பது நாள் கழித்து ஐந்து நாளைக்கு வீட்டுக்கு வருகிறவனிடம் எவள் தூக்கத்தைப் பற்றிப் பேசுவாள்?

அக்காள் இறங்கி நடந்தாள். லிஜா மைக்கை வைத்துவிட்டு அம்மாவுக்குப் பின்னால் ஓடினாள்.

திங்கட்கிழமை அதிகாலை ஐந்தே காலுக்குள் நான் அக்காள் வீட்டு வாசலில் நின்றேன். ஐந்து இருபதுக்கு வருகிற முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் பதினொரு மணிக்கு மதுரை தாண்ட முடியும். தென்னைகளெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து இரைந்துகொண்டிருந்தன. ராத்திரி முழுக்க நல்ல காற்று. அக்காள் படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் செபமாலை.

"கௌம்பியாச்சா?" என்றேன்.

"ஒறங்குகா."

"இன்னும் எழுப்பலியா?"

"காத்து ஏறினப்ப முழிச்சேன். கைய அவ மேல கொண்டுபோனேன், பொறவு எடுத்துட்டேன். தனியா இருந்து செபம் சொன்னேன்." அவள் மணிகளை ஒன்றன் மேல் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே இருந்தாள். "பிள்ளைக்க செபம் முதல்ல கேக்கும்னு நான் சொன்னதெல்லாம் சும்மாலே. எனக்குத் தனியா இருக்கப் பயம். அதுக்குத்தான் எழுப்பினேன். பதினாலு வருசம் அந்த மனுசன் அங்க ஒறங்கியிருக்காரு, நான் பிள்ளைய ஒறங்க விடல."

உள்ளே எட்டிப் பார்த்தேன். பெட்டி கட்டித் தயாராக இருந்தது. பாயில் லிஜா வாயை லேசாகத் திறந்து, ஒரு கையைத் தரையில் போட்டுக்கொண்டு கிடந்தாள்.

திருப்பத்தில் பஸ் ஹார்ன் கேட்டது. ஓட்டுகிறவன் எனக்குத் தெரிந்தவன். நான் நிற்பதைப் பார்த்து வண்டியை மெதுவாக்கினான். போ என்று கையைக் காட்டினேன்.

"பஸ்ஸு போகுதுலே," என்றாள் அக்காள்.

"ஆறரைக்கு அடுத்தது உண்டு," என்று சொல்லி அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.